குரல் எப்போது கம்முகிறது? மேடைப் பேச்சாளர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பேசிப் பிழைக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்துவிடுவார்கள். பனங்கற்கண்டு போட்ட பால், வாயில் அடக்கிக்கொள்ள மிளகும் சித்தரத்தையும், அதிமதுரக் கஷாயம், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இதமாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்குகிற எதுவும், குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல் நாண்கள் மேல் படுவதில்லை. விழுங்கும் நேரத்தில் குரல்வளை மூடிக்கொள்ளும். பாலும் கஷாயமும் பின்பக்கமாக உணவுக்குழலுக்குள் இறங்கிவிடும். தப்பித் தவறி உள்ளே போனால் புரையேறிவிடும். கொப்பளிக்கிற தண்ணீரும் தொண்டையின் மேல்பகுதியோடு நின்றுவிடுகிறது.

அதனால் என்ன குடிக்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், எப்போது கம்முகிறது என்று பாருங்கள். காலையிலா, பேச ஆரம்பித்துக் கால் மணி கழித்தா, வாக்கியத்தின் முடிவிலா, நிகழ்ச்சி முடிந்து காரில் ஏறிய பிறகா? அந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தால் பாதிக் காரணம் கையில் வந்துவிடும். நான் பார்த்த வரையில் பேச்சாளர்களின் குரல் கோளாறு பெரும்பாலும் மைக்கிலோ மூச்சிலோ இரவுச் சாப்பாட்டிலோதான் தொடங்குகிறது. தொண்டை கடைசியாக வந்து புகார் சொல்கிறது.

பட்டிமன்றம், சொற்பொழிவு, விழாத் தொகுப்பு என்று மேடையில் நிற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பதிவு

குரல் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஃபோனில் மூன்றைப் பதிவு செய்து வையுங்கள். வழக்கமாகப் பேசும் ஒரு பத்தி. அப்புறம் ஒரே மூச்சில் முடிந்த மட்டும் நீட்டி ஒரு ‘ஆ’. மூன்றாவதாக, தெரிந்த தாலாட்டில் ஒரு வரி, எட்டும் உச்ச ஸ்தாயியில், ஆனால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத மெல்லிய சத்தத்தில்.

‘ஆ’ பெரியவர்களுக்குப் பொதுவாக 15 நொடிக்கு மேல் வரும். 10 நொடிகூட நிற்கவில்லை என்றால் நாண்கள் சரியாக மூடாமல் காற்று கசிகிறதா என்று யோசிக்க வேண்டும். அந்தத் தாலாட்டு வரி இன்னும் நுட்பமான சோதனை. நாண்களின் விளிம்பு லேசாக வீங்கினாலும் முதலில் போவது மெல்லிய மேல்குரல்தான். சத்தமாகப் பேசினால் காற்றின் அழுத்தத்தில் வீக்கம் தெரியாமல் போய்விடும். மெல்லப் பாடினால் ஒளிய இடமில்லை. ஒலி அரை நொடி தாமதமாக வரும், அல்லது நடுவில் வெறும் காற்று மட்டும் வரும். நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை இந்த ஒரு வரியைப் பாடிப் பார்த்தாலே நேற்று எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

‘காலையில் எழுந்தால் கரகரப்பு. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது’

முதலில் வாயைக் கவனியுங்கள். எழும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் அளவுக்கு உலர்ந்திருந்தால், மூக்கடைப்பால் வாயைத் திறந்தபடி ஏசியில் தூங்கியிருக்கிறீர்கள். மூக்கைக் கவனித்தால் போதும்.

வாய் உலரவில்லை, ஆனால் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போல இருக்கிறது, செருமத் தோன்றுகிறது, சில நாள் புளிப்பாக எதுக்களிக்கிறது என்றால் இரைப்பை அமிலத்தைச் சந்தேகியுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமிலத்தைத் தாங்கும் அமைப்பு குரல்வளையின் மெல்லிய தோலுக்குக் கிடையாது. கொஞ்சம் மேலே வந்தாலே உறுத்தும்.

மேடைக்காரர்களுக்கு இது வருவதற்கென்றே நம் ஊர் நிகழ்ச்சி நேரம் அமைந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் பத்துக்கு முடிக்கிறோம். சால்வை, ஃபோட்டோ எல்லாம் ஆகி, விழாக்குழு ‘ஐயா சாப்பிடாமப் போகக் கூடாது’ என்று உட்கார வைக்கும்போது பதினொன்று. புரோட்டாவும் சால்னாவும், கடைசியில் ஒரு டம்ளர் பாலும் உள்ளே போன கையோடு காரில் ஏறி சீட்டைச் சாய்த்துப் படுத்தால், அமிலத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

செய்ய வேண்டியது: சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு முன்னால் நகர்த்துங்கள். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் இட்லியோ இடியாப்பமோ. முடிந்த பிறகு மரியாதைக்கு ஒரு வாழைப்பழம். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். காரில் போவதானால் அதுவரை நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது. இடுப்பு மடங்கி வயிறு இன்னும் நசுங்கும். சில வாரம் இப்படி இருந்தும் மாறவில்லை என்றால் அமில மாத்திரையை நீங்களே கடையில் வாங்கித் தொடராதீர்கள். காலைக் கரகரப்பு எல்லாவற்றையும் அமிலத்தின் தலையில் கட்டிவிட்டு, உள்ளே வேறொன்று வளர்வதைக் கோட்டை விடுபவர்களும் உண்டு.

‘வாக்கியம் முடியும் இடத்தில் குரல் தேய்கிறது, பிசிறடிக்கிறது’

தமிழில் பேசுகிறவர்களுக்கே உரிய பிரச்சினை இது என்பேன். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. எழுவாய், அடைமொழி, எச்சங்கள் எல்லாம் ஊர்வலமாக வந்து, கைதட்டல் வாங்கப்போகிற சொல் கடைசியில் நிற்கும். அதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். அடுக்குமொழி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஊருக்கு உழைத்து, உறவுக்குக் கொடுத்து, உள்ளதையெல்லாம் இழந்து, ஒரு வேளைச் சோற்றுக்கும் யாரிடமும் கையேந்தாமல் நின்றாளே, அவளல்லவா தாய்!’ இதை ஒரே மூச்சில் ஏற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘கையேந்தாமல்’ வரும்போது நெஞ்சு காலி. ‘அவளல்லவா தாய்’ என்பதுதான் இருப்பதிலேயே உரக்கப் போக வேண்டிய இடம். காற்று இல்லாததால் கழுத்துத் தசைகள் நாண்களை நெருக்கிப் பிடித்து அந்தச் சத்தத்தைப் பிழிந்தெடுக்கின்றன. கண்ணாடி முன் நின்று சொன்னால் கழுத்து நரம்பு புடைப்பது தெரியும். அரை மணி நேரப் பேச்சில் எத்தனை அடுக்கு, எத்தனை பிழிசல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சை எங்கே எடுப்பது என்பதுதான் இதற்கு மருந்து. ‘நின்றாளே’ என்றதும் வாயை லேசாகத் திறந்து, சத்தமில்லாமல், ஒரு சிட்டிகை மூச்சு. பிறகு ‘அவளல்லவா தாய்’. அந்தச் சின்ன நிறுத்தம் கூட்டத்தையும் காது கொடுக்க வைக்கும், அது உபரி லாபம். மூச்சு எடுக்கும்போது தோள் ஏறக் கூடாது. பெல்ட் கட்டும் இடம் விரிய வேண்டும். வேட்டியை, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடை ஏறுகிறவர்களுக்கு இது வராது. ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்ளுங்கள்.

பேச்சுக் குறிப்பில் கொஞ்ச நாளைக்கு மூச்சு எடுக்கும் இடங்களில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மனப்பாடப் பகுதிகளில் இது முக்கியம். மனப்பாடம் செய்யும்போது வேகமாகச் சொல்லிப் பழகிய மூச்சுதான் மேடையிலும் வரும்.

‘பேச ஆரம்பித்துக் கால் மணியில் தொண்டை களைத்துப்போகிறது’

சொல் தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். ‘அன்பார்ந்த’, ‘அனைவருக்கும்’, ‘ஆகவே’, ‘இன்றைக்கு’, ‘எத்தனை’, ‘உங்களில்’. மேடைத் தமிழ் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களால் நிறைந்தது. இந்தச் சொற்களை அழுத்தமாகத் தொடங்கும்போது பலர் நாண்களை முதலில் இறுக மூடி, பின்னால் காற்றை முட்டி, டக்கென்று வெடிக்க விடுகிறார்கள். பழைய பதிவு ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்டால் ஒவ்வொரு ‘அ’வுக்கும் முன்னால் ஒரு சின்னச் சொடுக்குக் கேட்கும். ஆண்களுக்குக் குரல் நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறை போல அதிர்கின்றன, பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறை. ஒரு பேச்சில் எப்படியும் லட்சக்கணக்கான முறை மோதித்தான் ஆக வேண்டும். கூடவே இந்த வெடிப்பும் சேர்ந்தால், உள்ளங்கையை விடாமல் தட்டினால் சிவப்பது போல விளிம்பு வீங்க ஆரம்பிக்கிறது.

சரி, மாற்றுவது எப்படி? ‘அன்பார்ந்த’ என்பதற்கு முன்னால் காதுக்கே கேட்காத அளவு ‘ஹ்’ என்று காற்றை முதலில் விட்டு, அதன்மேல் ‘அ’வை ஏற்றுங்கள். வீட்டில் கொஞ்சம் மிகைப்படுத்தி ‘ஹன்பார்ந்த’ என்றே பழகலாம். மேடையில் தானாகக் குறைந்து இயல்பாகிவிடும். முந்தைய சொல்லோடு சேர்த்து இழுத்துச் சொல்வதும் உதவும்: ‘நடுவர் அவர்களே’ என்பதை வெட்டிச் சொல்லாமல் ‘நடுவரவர்களே’ என்று ஓட விடலாம்.

இன்னொன்று, குளிர்ந்த குரலோடு நேராக மேடை ஏறுவது. பாடகர்கள் சாதகம் செய்யாமல் கச்சேரிக்குப் போவதில்லை. நாம் மட்டும் காரிலிருந்து இறங்கி, மாலையை வாங்கிக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே உச்சிக்குப் போகிறோம். ஐந்து நிமிடம் போதும். ஒரு ஸ்ட்ராவை உதட்டில் காற்று கசியாமல் பிடித்து, அதன் வழியாக ‘ஊ’ என்று குரல் கொடுங்கள். மூக்கு வழியே காற்று போகக் கூடாது. மூக்கைப் பொத்தும்போது ஒலி மாறினாலோ நின்றாலோ அங்கே காற்று போகிறது என்று அர்த்தம். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, சைரன் மாதிரி மெல்ல இழுங்கள். அப்புறம் பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரல்கடை ஆழத்துக்கு விட்டு அதே ‘ஊ’. குமிழி ஒரே சீராக வர வேண்டும். ஸ்ட்ராவுக்குள் தேங்கும் அழுத்தம் மேலிருந்து நாண்களை லேசாக விலக்கிப் பிடிப்பதால், மோதல் குறைந்து அதிர்வு நன்றாக எழுகிறது. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே பரவலாக்கிய பயிற்சி இது. தண்ணீரில் குழாய் விட்டு ஊதும் முறை ஃபின்லாந்தில் அதற்கும் முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் 2019 தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. காகித ஸ்ட்ரா இரண்டே நிமிடத்தில் தொய்ந்துவிடும். ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

‘முடிந்ததும் தொண்டை வலி, கழுத்து இறுக்கம்’

இங்கே குற்றவாளி அநேகமாக ஒலி அமைப்பு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னறியாமல் குரலை உயர்த்துகிறான். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் இதை எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டாலும் இதே கதைதான். கோயில் திருவிழா மேடையில் இரண்டும் சேர்ந்து வரும். பின்னால் ஜெனரேட்டர், எதிரே ராட்டினம்; ஒலிபெருக்கிகளோ கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். திறந்த வெளியில் எதிரொலியும் திரும்பி வராது. ஊருக்கே கேட்கிறது, பேசுகிறவருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் கத்துகிறார்.

கத்துவதை நிறுத்தத் தொண்டையிடம் சொல்லிப் பயனில்லை. மைக் செட்காரரிடம் போங்கள். கூட்டம் சேரும் முன்னால் போய், ‘அண்ணே, மேடைப் பக்கம் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்க, எக்கோவைக் கொஞ்சம் எடுத்துடுங்க’ என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். பெரும்பாலும் பேச்சாளர்கள் யாரும் கேட்பதில்லை, அதுதான் விஷயம். எக்கோ போட்டால் குரல் கம்பீரமாக இருப்பதாக விழாக்குழுவுக்கு ஒரு நினைப்பு. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளிவு போய்விடும். தெளிவு போனால் நீங்கள் இன்னும் அழுத்திப் பேசுவீர்கள். ‘ஹலோ, செக், ஒன் டூ த்ரீ’ என்று சொல்லிச் சோதிக்காதீர்கள். மேடையில் பேசப்போகும் அதே அழுத்தத்தில் நான்கு வாக்கியம் பேசுங்கள், அவர் அதற்கு ஏற்ப அளவு வைப்பார்.

மைக்கைப் பிடிக்கும் விதத்தில் இரண்டு தவறு அதிகம். ஒன்று, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி இரட்டிப்பானால் மைக்குக்கு எட்டும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மூன்று விரல்கடையில் வைத்திருந்ததை ஆறு விரல்கடைக்கு விலக்கினால் அந்த 6 டெசிபலை யார் ஈடு கட்டுவது? செட்காரர் ஏற்றினால் மைக் ஊளையிடும். ஆகவே நீங்கள்தான். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் வேண்டாம். முன்பக்க ஒலியை மட்டும் எடுக்கும்படி செய்த மைக், பொத்தியதும் எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பித்து அதுவே ஊளைக்கு வழி செய்யும்.

இரண்டாவது, பட்டிமன்றத்துக்கே உரியது. மைக் நம் எதிரே ஸ்டாண்டில் நிற்கிறது, நடுவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார். ‘நடுவர் அவர்களே!’ என்று அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாய் மைக்கை விட்டு விலகுகிறது. குரல் அமுங்குவது நமக்கே கேட்கிறது, உடனே ஏற்றுகிறோம். ஒரு பேச்சில் எத்தனை ‘நடுவர் அவர்களே’ வரும்? ஸ்டாண்டை நடுவர் பக்கமாக ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, மைக்குக்கு மேலாக அவரைப் பார்த்துப் பேசும்படி நில்லுங்கள். கையில் பிடிக்கும் மைக் என்றால் அது முகத்தோடு சேர்ந்து திரும்பட்டும்.

கைதட்டல் மேலே பேசாதீர்கள். அது ஓய ஐந்து நொடி ஆகுமா, நிற்கலாம். நின்று வாங்கிக்கொள்கிறவரைக் கூட்டமும் ரசிக்கும்.

வலிக்கான காரணம் சில சமயம் மேடையிலேயே இருக்காது. நிகழ்ச்சிக்கு முந்தின அரை மணி கல்யாண மண்டபத்தில் பேண்டு வாத்தியத்துக்குப் பக்கத்தில் நின்று நலம் விசாரித்தது, முடிந்த பின் ஜன்னல் திறந்த காரில் ஊர் வரும் வரை அரட்டை அடித்தது. இவற்றுக்கும் அதே நாண்கள்தான் உழைக்கின்றன. ‘நல்லா பேசினேன், ஆனா தொண்டை போச்சு’ என்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

‘விடாமல் செருமிக்கொண்டே இருக்கிறேன்’

செருமினால் நாண்கள் பலமாக அறைந்துகொள்ளும், அது உறுத்தும், உறுத்தலால் சளி சுரக்கும், மறுபடி செருமத் தோன்றும். செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர், அல்லது அழுத்தி ஒரு விழுங்கு, அல்லது மெல்ல ‘ம்ம்’. முதல் வாரம் கஷ்டம். தண்ணீர் விஷயத்தில் ஒன்று: மேடையில் குடிப்பது வாயை மட்டும் நனைக்கும். நாண்களுக்கு ஈரம் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். சாயங்கால நிகழ்ச்சிக்குக் காலையிலிருந்தே குடியுங்கள். புதினா மாதிரி ஜில்லென்று இருக்கும் தொண்டை மிட்டாய்கள் உறுத்தலை மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். வலி தெரியாமல் கூடுதலாகப் பேசிக் கெடுத்துக்கொள்வீர்கள். ரத்த அழுத்தத்துக்கு எனாலபிரில், ராமிபிரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வறட்டு இருமல் அதனாலேயே வரலாம். நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. அதிமதுரமும் தினசரி கணக்கில் போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பவும். இல்லையென்றால் கரகரப்பும் தொண்டையில் பூஞ்சையும் வரலாம்.

‘சளி பிடித்துக் குரல் போய்விட்டது, சாயங்காலம் நிகழ்ச்சி’

முதலில் ‘ஆ’ சொல்லிப் பாருங்கள். கட்டையாகவாவது சீராக வருகிறதா? அப்படியென்றால் பேச்சைப் பாதியாகக் குறைத்து, தாழ்ந்த குரலில், மைக்கை நெருக்கி வைத்து ஒப்பேற்றலாம். அதுவரை மௌனம். ஃபோன்கூட வேண்டாம். குசுகுசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்திக் குசுகுசுப்பது பலருக்குத் தொண்டையை இன்னும் இறுக்கும். பேசியே ஆக வேண்டும் என்றால் மெல்லிய இயல்புக் குரலில் இரண்டு வார்த்தை.

ஆவி பிடியுங்கள். ஈரம் நேராக நாண்களை எட்டுவது மூச்சோடு போகும்போதுதான். வெறும் வெந்நீர் போதும். தைலம் எரிச்சலைக் கூட்டும். பாத்திரத்தை மடியில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். மூக்கொழுகலை நிறுத்த என்று தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை போட்டால் மூக்கோடு தொண்டையும் உலர்ந்துவிடும்.

‘ஒரு ஊசி போட்டா ரெண்டு மணி நேரத்துல குரல் வந்துடும்’ என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைச் சட்டென்று குறைப்பது உண்மை. அடிபட்ட நாண் அடிபட்டபடியே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. முழு வேகத்தில் பேசிவிடுவீர்கள். உள்ளே ஸ்கோப் (குரல்வளையைப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்த மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம்.

‘ஆ’வே வரவில்லை, வெறும் காற்றுதான் வருகிறதென்றால் பேச்சு இல்லை. விழாக்குழுவிடம் மத்தியானமே சொல்லி மாற்று ஆள் கொடுங்கள். ஆறு மணிக்குச் சொன்னால்தான் கோபப்படுவார்கள்.

‘பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று உடைந்துவிட்டது’

உச்சத்தில் ஒரு கத்தல், பலத்த இருமல், அடுத்த நொடி குரல் மாறிவிட்டது. வலி இருக்காமலும் போகலாம். நாணுக்குள் ஒரு நுண்ணிய ரத்தக் குழாய் வெடித்திருக்க வாய்ப்புண்டு. அந்த இடத்திலேயே நன்றி வணக்கம் சொல்லி, அல்லது அதுவும் சொல்லாமல், கும்பிட்டு இறங்குங்கள். தொடர்ந்து பேசினால் தழும்பாகி நிரந்தரமாகக் குரல் கெடலாம். முழு மௌனம், ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவர். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை வலிக்காகப் போடாதீர்கள். இதயத்துக்காக மருத்துவர் கொடுத்து ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் நிறுத்தாமல் போய் அவரிடமே கேளுங்கள். பெண் பேச்சாளர்கள் சிலருக்கு மாதவிடாய் நெருங்கும் நாட்களில் நாண்கள் லேசாக வீங்கி, ரத்தக் குழாய்களும் எளிதில் உடையும்படி இருக்கும். அந்த நாட்களில் உச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

‘குரல் கட்டையாகிவிட்டது, மேல் ஸ்தாயி போயே போச்சு’

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடந்திருந்தால், அந்தத் தாலாட்டுச் சோதனையும் தோற்றால், நாண்களில் முடிச்சு இருக்கலாம். இரண்டு நாண்களும் மிக பலமாக மோதும் இடத்தில், முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், எதிரெதிராக வரும். பெண்களுக்கு, குறிப்பாக ஆசிரியைகளுக்கு, அதிகம். புற்றுநோயாக மாறுவதில்லை. முதல் சிகிச்சை கத்தி இல்லை, குரல் பயிற்சிதான். பேசும் முறை மாறினால் பல முடிச்சுகள் கரைந்துவிடும். மாறாமல் வெட்டி எடுத்தால் திரும்ப வரும். இதற்குப் பேச்சு–மொழி சிகிச்சையாளர் என்று தனியாக இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் தொண்டைப் பிரிவில் கேளுங்கள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்திலும் குரலுக்கென்று சிகிச்சை உண்டு. ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் போல வளரும் பாலிப் வேறு வகை, அதற்கு அறுவை தேவைப்படலாம்.

புகைக்கிறவர்களுக்கு நாண்கள் முழுநீளமும் ஊதிக் குரல் இறங்கும். அந்தக் கட்டைக் குரலைக் கம்பீரம் என்று பாராட்டும் ரசிகர்கள்தான் பேச்சாளருக்கு முதல் எதிரி.

‘மூன்று வாரம் ஆகிறது, இன்னும் சரியாகவில்லை’

மேலே சொன்ன எதுவும் இங்கே செல்லாது. சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் மூன்று நான்கு வாரம் கரகரப்பு நின்றால் குரல்வளையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். புகை, புகையிலைப் பழக்கம் இருந்தால், எச்சிலில் ரத்தம், விழுங்கும்போது வலி, காதுக்குப் பரவும் வலி, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் மாறினால் நாணை இயக்கும் நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். குரல்வளைப் புற்றுநோய் கரகரப்பிலேயே பிடிபட்டால் குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது. கஷாயத்தில் ஆறு மாதத்தைக் கழித்தவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஸ்கோப் என்றதும் பயம் வேண்டாம். மூக்கு வழியே மெல்லிய குழாய், அல்லது வாய் வழியே ஒரு கம்பி, சில நிமிடங்களில் முடியும். ஸ்ட்ரோபோஸ்கோபி வசதி உள்ள இடமாகப் பாருங்கள். மினுக்கி மினுக்கி எரியும் விளக்கில் நாண்கள் மெதுவாக அதிர்வது போலத் தெரியும், சாதாரண ஸ்கோப்பில் தப்பிவிடும் சின்ன வீக்கமும் அகப்படும். போகும்போது ஃபோனில் உள்ள பழைய பதிவையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும், எந்த நேரத்தில் கம்முகிறது என்ற குறிப்பையும் எடுத்துப் போங்கள். திரும்பும்போது ஸ்கோப் வீடியோவை பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.